செக்கிங் டேபிளிலிருந்து குரூப் 4 வரை

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களிடம் எத்தனை ஷிப்ட் என்று கேட்டால், பெரும்பாலும் ஒன்றரை என்றுதான் பதில் வரும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் நானும் அப்படித்தான் இருந்தேன். அங்கிருந்துகொண்டே 2024 ஜூனில் டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 தேர்வு எழுதி, இன்று ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். எப்படிப் படித்தாய் என்று பழைய டேபிள் பெண்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் அதைச் சொல்வதில்லை. அரை ஷிப்டை விட்டால்தான் படிக்க நேரம். விட்டால் சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மகளிர் குழு லோன் ஓடிக்கொண்டிருந்தது, சீட்டு ஒன்றும் கட்டிக்கொண்டிருந்தேன். அதனால் லோன் முடியும்வரை புத்தகத்தைத் தொடவே இல்லை. கடன் தவணையை நினைத்துக்கொண்டு யாப்பிலக்கணம் படிக்க என்னால் ஆகாது. லோன் கட்டி முடித்த வாரமே ஒரு ஷிப்ட் போதும் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். ஷிப்மென்ட் நேரத்தில் முகம் சுளித்தார்கள். ஒரு தடவை கேட் பாஸ் தராமல் நிற்க வைத்தார்கள். சரி, அதுவும் நடக்கும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டில் இவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இவருடைய நண்பர்களிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. போலீஸ் தேர்வு வருகிறது, ரயில்வே வருகிறது, அப்படியே குரூப் 2வும் போட்டு வை என்றார்கள். நான் குரூப் 4-ஐத் தவிர எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. பத்தாம் வகுப்புத் தரம், ஒரே தேர்வு, நேர்முகம் கிடையாது. 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பள்ளிப் புத்தகங்களே பெரும்பகுதிக்குப் போதும். ஒரு ஷிப்ட் வேலைக்கும் சமையலுக்கும் நடுவே கையாளக்கூடிய அளவு அவ்வளவுதான். நாலு தேர்வுக்கு நாலு பாடத்திட்டம் என்று போயிருந்தால் எதுவும் உருப்பட்டிருக்காது.

நேரத்தைத் தின்பதில் கம்பெனிக்கு அடுத்தபடி ஒரம்பரைதான், அதாவது சொந்தபந்தம். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் முதல்நாள் சீரிலிருந்தே போய் நிற்க வேண்டும். அப்புறம் வளைகாப்பு, காது குத்து, மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழா. போகாவிட்டால் வருடக்கணக்கில் பேசுவார்கள். இதை என் அத்தைதான் தீர்த்து வைத்தார். "அம்முணி, பரீட்சை முடியற வரைக்கும் நோம்பி நொடிக்கெல்லாம் நான் போய்க்கறேன், நீ படி" என்றார். போகிற இடத்தில் யார் கேட்டாலும், "அம்முணிக்குப் பரீட்சை இருக்குதுங்க, மொய் நான் எழுதறேன்" என்று முடித்துவிடுவார். குறிக்கோளில் கவனம் என்று மேடையில் பேசுகிறார்களே, என் விஷயத்தில் அதில் பாதி அத்தை சுமந்தது.

படித்த விதத்துக்கு வருகிறேன். செக்கிங் டேபிளில் பீஸில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, சரிசெய்வதற்காக ஆல்டருக்குத் தள்ளுவோம். சரியாகி வந்ததும் ஸ்டிக்கரை உரித்துவிட்டு மறுபடி பார்ப்போம். மிச்சமான ஸ்டிக்கர் ஷீட் சிலவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய கேள்வித்தாளில் தவறிய கேள்வி எந்தப் பாடத்திலிருந்து வந்ததோ, அந்தப் பக்கத்து வரியில் ஓர் அம்பு. அதே பகுதியை இரண்டு முறை சரியாகச் செய்தால் உரித்துவிடுவேன். ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒரு கட்டத்தில் சிவப்பாகவே இருந்தது. எதைப் படிப்பது என்று யோசித்து உட்காரும் நேரம் இதனால் மிச்சம். அம்பு இருக்கிற பக்கத்தைத் திறந்தால் போதும்.

கணக்கில் வேலை-நேரக் கணக்குக்கு நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. 12 டெய்லர் 8 மணி நேரத்தில் முடிப்பதை 8 டெய்லர் எத்தனை மணி நேரத்தில் முடிப்பார்கள்? 12. அதாவது ஒரு ஷிப்ட் வேலை ஒன்றரை ஷிப்ட் ஆகிறது. லைனில் தினமும் காதில் விழுகிற பேச்சு. கூட்டுவட்டிதான் கடைசிவரை படுத்தியது. வரலாற்றில் கொடி காத்த குமரன் 1932 ஜனவரி 11 அன்று இறந்தார் என்பதெல்லாம் ஸ்டேஷன் பக்கத்து நினைவிடத்தைத் தாண்டிப் போகிறவளுக்குத் தானாக ஒட்டிக்கொண்டது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம்தான் சென்னிமலைப் பக்கத்துக் கொடுமணல் என்று தெரிந்த அன்று, அந்தப் பாடத்தை அத்தையிடம் கதை போலச் சொன்னேன். மறக்கவே இல்லை. டெலிகிராம் குரூப்களில் இருந்து மட்டும் வெளியே வந்துவிட்டேன். அங்கே படிப்பதைவிடக் கட்-ஆஃப் ஜோசியம்தான் அதிகம்.

ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. முதல் 100 தமிழ்க் கேள்வியில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி 100 விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். மொத்தம் 300-க்கு 90 எடுத்தால் தகுதி. ஆனால் அது பெயரளவுக்குத்தான், வேலை தருவது ரேங்க். நான் எழுதிய தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அறிவிப்பில் இருந்த இடம் 6,244, பிறகு கூட்டினார்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஆனால் நான் எழுதியபோது, தெரியாத கேள்விக்கு 'விடை தெரியவில்லை' என்ற ஐந்தாவது வட்டத்தையாவது நிரப்ப வேண்டியிருந்தது, வெறுமனே விடக் கூடாது. எந்த எழுத்தில் எத்தனை நிரப்பினோம் என்று கடைசியில் எண்ணி எழுதவும் வேண்டியிருந்தது. வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போதே இந்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பழகியது உதவியது.

தேர்வுநாள் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதினேன், வெயில், வீட்டுக்கு வந்து தூங்கினேன். மறுநாள் மறுபடி ஒன்றரை ஷிப்டுக்குத் திரும்பிவிட்டேன். அக்டோபர் கடைசியில் ரிசல்ட் வரும்வரை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும், சீட்டும் கட்ட வேண்டும்.

ரிசல்டுக்குப் பிறகு சான்றிதழ் வேலை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புவரை பெருமாநல்லூர்ப் பக்கம், அப்புறம் வேறு ஊர். இந்த அலைச்சலைத் தேர்வுக்கு முன்பே முடித்து வைத்திருந்ததால் பதற்றம் இல்லை. பள்ளி விடுமுறையில் தலைமையாசிரியரைப் பிடிப்பது லேசல்ல, இப்போதே போய் வாங்கி வையுங்கள்.

கலந்தாய்வுக்குச் சேரன் எக்ஸ்பிரஸில் நானும் இவரும் போனோம். நம் முறை வரும்போது எந்த மாவட்டத்தில், எந்தத் துறையில் இடம் மீதி இருக்கிறது என்று திரையில் காட்டுவார்கள். சட்டென்று சொல்ல வேண்டும். திருப்பூர் தீர்ந்திருந்தது. ஈரோடு என்றேன். தினமும் ரயிலில் போய் வருகிறேன்.

இப்போது அதே நண்பர்கள் குரூப் 2 எழுதச் சொல்கிறார்கள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பவானிசாகர் பயிற்சிக்கு இன்னும் என் முறை வரவில்லை, துறைத் தேர்வும் பாக்கி இருக்கிறது. அவை முடியும்வரை வேறு விண்ணப்பம் போடப்போவதில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.