மூன்று வயதில் பேச்சு, பதின்மூன்றில் பதற்றம்

என் மகளுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது இரண்டே முக்கால் வயது. இப்போது பதின்மூன்று. ஆட்டிசம் போகவில்லை. ஆனால் அன்று எதற்காக அழுதோமோ அது இன்று எங்கள் வீட்டில் பிரச்சினையே இல்லை.

ஒன்றரை வயதில் அம்மா, காக்கா, பால் எல்லாம் சொன்னவள்தான். இரண்டு வயதுக்குள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வேண்டியதை விரல் நீட்டிக் காட்ட மாட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைப்பாள். முதலில் காதைத்தான் சோதித்தோம், கேட்பதில் குறையில்லை. "பொம்பளப் பிள்ள, அமைதியா இருக்கா" என்று ஒரு மருத்துவர் அனுப்பிவிட்டார். இன்னொருவர்தான் சின்னப் பிள்ளைகளிடம் ஆட்டிசம் அறிகுறி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்கும் எம்-சாட் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, மேல் மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

நான்கு வயதில் பேச்சு திரும்பியது, எதிரொலியாக. அவளுக்குத் தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்று என்னைக் கேட்பாள். சொந்தக்காரர்கள் கிளிப்பிள்ளை என்றார்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதுவும் பேச்சுக்குப் போகும் வழிதான், அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவள் பக்கத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள் என்றார். அப்படியே "தண்ணி வேணும்மா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தோம். பல மாதம் ஆனது.

குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்தியதெல்லாம் எட்டு வயதுக்குள் தணிந்துவிட்டது. அந்த இடத்துக்குப் பதற்றம் வந்து உட்கார்ந்தது. பள்ளி வேன் வேறு தெருவில் திரும்பினால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

மாற்றுத்திறனாளி சான்றிதழைப் புதுப்பிக்கப் போனபோது மறுபடி ஐசா, அதாவது ஆட்டிசம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் மதிப்பீடு, செய்தார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது. மிதமானதிலிருந்து லேசானதுக்கு வந்திருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் அந்த ஆண்டுதான் ஆறாம் வகுப்பு. பள்ளியில் எட்டு மணி நேரம் மற்ற பிள்ளைகளைப் பார்த்து அவர்களைப் போலவே சமாளிப்பாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடிப்பாள். "ஸ்கூல்ல தங்கமா இருக்காளே" என்பார் டீச்சர். அவர் சொன்னதும் பொய்யில்லை. பெண் பிள்ளைகள் இப்படி மறைத்துக்கொள்வது அதிகம் என்று மனநல மருத்துவர் விளக்கிய பிறகுதான், பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் விதி வந்தது. டியூஷனையும் நிறுத்தினோம்.

நான் அதிகம் பயந்தது மாதவிடாய்க்கு. சட்டைக்குப் பின்னால் இருக்கும் லேபிள் உரசினாலே அழுகிறவள் நாப்கினை எப்படித் தாங்குவாள்? அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஓ.டி. (ஆக்குபேஷனல்) தெரபிஸ்ட் யோசனைப்படி பத்து வயதிலேயே ஆரம்பித்தோம். முதலில் கையில் தொட்டுப் பார்த்தாள், அப்புறம் வீட்டில் பத்து நிமிடம் அணிந்தாள், பிறகு அரை நாள். பாத்ரூம் சுவரில் வரிசையாகப் படங்கள் ஒட்டினோம். சிவப்பு மை விட்டுக் காட்டினேன். மாமியார் முகம் சுளித்தார், பரவாயில்லை. உண்மையில் அந்த நாள் வந்தபோது படத்தைப் பார்த்து அவளே மாற்றிக்கொண்டு, மூன்றாவது படம் கிழிந்திருக்கிறது என்று புகார் சொன்னாள்.

வளரிளம் பருவத்தில் சிலருக்கு வலிப்பு தொடங்கலாம் என்பதால் திடீரென்று வெறித்துப் பார்த்து உறைந்து நிற்கிறாளா என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை இல்லை.

மதிப்பீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் எடுத்த சின்னச் சின்ன வீடியோக்களைத் தேதியோடு கொண்டுபோங்கள். மருத்துவர் முன்னால் அரை மணி நேரம் என் மகளும் தங்கமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றும் வீடியோவைக் காட்டிய பிறகுதான் அவர் பேனாவை எடுத்தார்.