தில்லியில் குய்ப்புகை

ஜனவரி மாதத் தில்லியில் ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்க முடியாது. காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் எண்ணெயில் விழுந்ததும் கமறல் மாடிப்படி வரை போய்விடும். "க்யா ஜல் ரஹா ஹை?" (என்ன கருகுது?) என்று எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டுவார். 'தட்கா', அதாவது தாளிப்பு, என்று சொன்னால் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நமக்குத்தான் அந்த நொடியில் ஊர் ரொம்பத் தூரமாகிவிடும்.

அந்தக் கமறலுக்குத் தமிழில் குய்ப்புகை என்று பெயர். குய் என்றால் தாளிப்பு. குறுந்தொகை 167-ஆம் பாட்டில் வருகிறது. பாடியவர் கூடலூர் கிழார். மணமாகிப் போன பெண் எப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று நேரில் பார்த்துவந்த செவிலி, அதாவது அவளை வளர்த்தவள், பெற்ற தாயிடம் சொல்கிறாள்:

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅது உடீஇக்
குவளை உண்கண் குய்ப்புகை கழுமத்
தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவன் உண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே.

ஊரைவிட்டு வந்தவர்கள் சங்கப் பாட்டை இதிலிருந்து தொடங்கலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது.

உரையை முதலில் எடுக்காதீர்கள். பதவுரை, இலக்கணக் குறிப்பு, அதற்கு இரண்டு மதிப்பெண் என்று பள்ளியில் படித்த வரிசைதான் இந்தப் பாட்டுகளை நம்மிடமிருந்து பிரித்தது. எத்தனை பேர் அதோடு விட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பொருள் தேடாமல் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். 'கழாஅது', 'உடீஇ' என்பவற்றில் நடுவிலும் கடைசியிலும் நிற்கும் உயிரெழுத்து அச்சுப்பிழை அல்ல, அளபெடை. இழுத்துச் சொன்னால் ஓசை சரியாக விழும். பிறகு கடைசி அடிக்குப் போங்கள், வினைமுற்று அங்கேதான் இருக்கிறது. பலர் சறுக்குவதும் அங்கேதான். 'மகிழ்ந்தன்று' என்பதை 'மகிழவில்லை' என்று எடுத்துக்கொண்டால் பாட்டே தலைகீழாகிவிடும்; அதற்கு 'மகிழ்ந்தது' என்றே பொருள். அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்டதால், அவள் முகம் நுண்மையாக மகிழ்ந்தது. இவ்வளவும் ஆன பிறகு உ.வே.சா. உரையோடு வந்த 1937 குறுந்தொகைப் பதிப்பைத் திறந்தால், தயிர் பிசைந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள் என்று விளங்கும். அடுப்படியில் நின்றவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முளிதயிர் என்றால் முற்றிய கட்டித் தயிர். தில்லிக் குளிரில் அது லேசில் கிடைக்காது. ஊரில் ஐந்து மணி நேரத்தில் உறைவது இங்கே ராத்திரி முழுக்க எடுக்கும். அரை லிட்டர் பாலை விரல் பொறுக்கும் சூட்டில் வைத்து, ஒரு பெரிய கரண்டி உறைமோர் விட்டு, பாத்திரத்தைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி வைக்க வேண்டும். எவர்சில்வரை வெறுமனே மேடையில் வைத்தால் சூடு இறங்கி, காலையில் பால் பாலாகவே இருக்கும்.

நான்கு குளிர்காலம் போனால் தில்லி பழகிவிடும். ராஜீவ் சௌக்கில் மெட்ரோ ரயில் மாறுவதுகூடக் கால்களுக்கே தெரிந்துவிடும். ஆனாலும் 'துழந்து' என்று வாய்விட்டுச் சொன்னால் மண்சட்டியில் அகப்பை உரசும் சத்தம் கேட்கிறது, கொல்லைக் கறிவேப்பிலையின் வாசனைகூட வந்துவிடுகிறது.

போனில் அம்மா, "ஒழுங்கா சாப்பிடுறியா கண்ணு?" என்றுதான் தினமும் கேட்பார். செவிலி பதில் சொல்வதும் அதே கேள்விக்குத்தான். நுண்ணிதின் என்கிறாள். வீடியோ காலில் பிடிபடாத அளவு சின்ன மகிழ்ச்சி அது. வளர்த்தவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.