தனி

பாடகர் ஸ்வரத்தை முடித்து மிருதங்கத்தின் பக்கம் லேசாகத் தலையசைத்தார். அவ்வளவுதான். பால்கனியில் படபடவென்று நாற்காலிகள் மடங்கும் சத்தம்.

மியூசிக் அகாடமியில் மார்கழிக்கு மார்கழி நடப்பதுதான். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் என்றால் பாதிப் பேருக்குக் காப்பி நேரம். சும்மா சொல்வானேன், நானும் எழுந்துவிட்டேன்.

"இப்பத்தானே தம்பி ஆரம்பிக்கறது?" பக்கத்து இருக்கை மாமி. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

சரி என்று உட்கார்ந்தேன்.

மாமி மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். ஆதி தாளம், ரெண்டு களை. ஒவ்வொரு எண்ணிக்கையும் இரண்டு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். புடவை மேல் விழுவதால் சத்தமே இல்லை.

குறைப்பு வந்தது. மிருதங்கம் கேட்க, கடம் பதில் சொல்ல, வாக்கியம் பாதியாகி, அதில் பாதியாகி, கடைசியில் ஆளுக்கு ஒரு சொல். கடக்காரர் பானையின் வாயை வயிற்றில் அழுத்தித் திறந்தபோது ஒரு கும்காரம் பால்கனி வரை உருண்டு வந்தது. மானாமதுரை மண்ணுக்கு இவ்வளவு பெரிய குரலா!

முத்தாய்ப்பாக மூன்று தரம் வாசிக்கும் கோர்வை, மூன்றாம் முறை வரும்போது மாமியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வந்து விழுந்த இடத்தில் அவர் கையும் இருந்தது.

1962இல் திறந்த அரங்கம். திறந்த நாளிலிருந்தே மாமி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாரோ என்று தோன்றியது.

கைதட்டல் ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப போங்கோ. வரும்போது எனக்கும் ஒரு காப்பி. சர்க்கரை வேண்டாம்."