ஆதார் ஒரு காப்பி

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரில் பாதிப் பேரின் பிறந்த தேதி தெரியும். தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்றும் இல்லை, கண்ணில் படுகிறது. யார் வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது, எந்தப் பையனுக்கு சிங்கப்பூர் விசா வந்திருக்கிறது, யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் காகிதத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் நேரத்துக்குள் தெரிந்துபோகும். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியவன்தான் இந்தத் தொழிலில் நிலைப்பான்.

கடை கல்லுக்கட்டிப் பக்கம். ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. "நம்ம விவரத்தை எல்லாம் இனிமே காப்பாத்தவே முடியாதாமே, நிசமா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள். நேற்று வீட்டில் குக்கர் பற்றிப் பேசினோம், இன்று போனில் குக்கர் விளம்பரம் வருகிறது என்பார்கள். சொல்லிக்கொண்டே ஆதார் அட்டையை நீட்டுவார்கள். ஒரு காப்பி போதுமா என்று கேட்டால், "நாலா எடுத்துருங்க, எதுக்கும் இருக்கட்டும்."

எனக்கு அந்தக் குக்கர் விளம்பரத்தைவிட இந்த "எதுக்கும் இருக்கட்டும்"தான் கவலை. பெரிய கம்பெனிகள் நம்மைப் பற்றிச் சேர்த்து வைப்பது உண்மை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் பணம் போய், பெயர் கெட்டு, அழுதுகொண்டு வந்து நின்றவர்களின் விவரம் கசிந்த இடம் பெரும்பாலும் ஏதோ ஒரு கவுண்டர், ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப், ஏதோ ஒரு சின்ன ஆபீஸின் மேஜை.

எங்கள் மாதிரிக் கடைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு பென் டிரைவில் கொண்டுவருவார்கள். இப்போது எல்லாம் வாட்ஸ்அப். சுவரில் நம்பரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருப்போம், அனுப்பினால் பிரிண்ட். சம்பளச் சீட்டு, பாஸ்புக் முதல் பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ் என்று வந்து விழுந்துகொண்டே இருக்கும். பிரிண்ட் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவார், கோப்பு போகாது. கேலரியில் உட்காரும். தானாக பேக்கப் ஆகும்படி வைத்திருந்தால் கூகுள் கணக்குக்கும் போய்விடும். அந்த போன் கடையில் வேலை பார்க்கும் பையனுடையது என்றால், அவன் வேலையை விட்டுப் போகும்போது எல்லாமும் அவனோடு போகும்.

அதனால் எங்கள் கடை போன் கடையிலேயே இருக்கும். அதில் வரும் செய்திகள் 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்திருக்கிறேன். ஆனால் கேலரியில் சேமிக்கப்பட்ட படம் அப்படி மறையாது. அதற்கு மீடியா கேலரியில் சேராதபடி தனியாக அணைக்க வேண்டும், பேக்கப்பையும் நிறுத்த வேண்டும், கம்ப்யூட்டரில் இறக்கியதை ராத்திரி கடை அடைக்குமுன் துடைக்க வேண்டும். இன்னொரு சங்கதி, ஜெராக்ஸ் மெஷின். பெரிய டிஜிட்டல் மெஷின்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் இருக்கிறது, எடுத்த நகலின் படம் அதில் தங்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து செகண்ட் ஹேண்டில் வரும் மெஷினைத்தான் நாங்கள் பலரும் வாங்குகிறோம். பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்தபோது, டிஸ்க்கைக் கழற்றிக் கொடுங்கள் என்றேன். மெக்கானிக் சிரித்துவிட்டார், இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம்.

கறுப்பு விழுந்தது, கோணலாக வந்தது என்று ஒதுக்கும் வேஸ்ட் ஷீட்டும் உண்டு. பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டால் நாலு காசு. அங்கிருந்து டீக்கடை. யாரோ ஒருவரின் பான் கார்டு நகலில் எண்ணெய் ஊறி, முகத்துக்கு மேல் உளுந்து வடை உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, நம்பர் எல்லாம் தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து எங்கள் கடையில் வேஸ்ட் ஷீட்டைக் கிழித்துத்தான் போடுகிறோம்.

இ-ஆதார் விஷயத்துக்கு வருவோம். அந்த பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். எல்லாருக்கும் ஒரே சூத்திரம். இதை எங்கள் ஊர்ப் பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பார்க்க ஆரம்பித்தால் ஜாதகத்தை நகல் எடுப்பார்கள். அதில் பெயர், பிறந்த தேதி, நேரம், அப்பா அம்மா பெயர், ஊர், கோயில், பிரிவு, படிப்பு, சம்பளம், போன் நம்பர், ஒரு போட்டோ. முன்பு ஒரு தரகர் பையில் இருந்தது, இப்போது குரூப் குரூப்பாக ஓடுகிறது. கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்த பெண்ணின் ஜாதகமும் இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். ஆதார் பாஸ்வேர்டுக்கு வேண்டியதும், பேங்கிலிருந்து பேசுவதாக நம்பவைக்க வேண்டியதும் அந்த ஒரு தாளில் முழுசாக இருக்கிறது. ஜாதகம் கொண்டுவருகிறவர்களிடம், முதலில் நட்சத்திரம், கோயில், படிப்பு மட்டும் அனுப்புங்கள், பொருந்தினால் அப்புறம் மீதி என்பேன். சில அப்பாக்கள் கேட்டுக்கொள்கிறார்கள். பெண்கள் உடனே கேட்டுக்கொள்கிறார்கள்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள், பொது கம்ப்யூட்டர் சென்டரில் இ-ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று. எங்கள் பிழைப்பையே குறிவைத்துச் சொன்ன மாதிரி இருந்தாலும், சொன்னது அத்தனையும் சரி. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று திரும்பப் பெற்றுவிட்டார்கள். வழக்கமான கவனத்தோடு இருந்தால் போதும் என்றார்கள். வழக்கமான கவனம் என்பது நாலு காப்பி எடுத்து எதுக்கும் வைத்துக்கொள்வதுதானே!

மறைத்த ஆதார் என்பது 12 இலக்கத்தில் முதல் 8 தெரியாமல் கடைசி 4 மட்டும் தெரியும் அட்டை. இறக்கும்போது ஒரு கட்டத்தில் டிக் போட்டால் போதும், செல்லுபடியாகும். யாரும் கேட்காமலே நான் அதைத்தான் எடுத்துக்கொடுப்பேன். பள்ளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் அதை ஓர் ஆபீஸில் நீட்டுவார், "நம்பர் தெரியலையே, முழுசா எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அவருக்கு அரை நாள் போயிற்று. திரும்பி வந்து என்னைத்தான் முறைப்பார். 2018 செப்டம்பர் 26இல் உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில், பேங்க் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, கவுண்டர் இங்கே இருக்கிறது.

இத்தனைக்கும் ஜெராக்ஸ் எதையும் நிரூபிப்பதில்லை. பெயரை மாற்றி, போட்டோவை ஒட்டி ஒரு நகல் தயாரிப்பது எளிது. ஆதாரில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை அதற்குரிய செயலியில் ஸ்கேன் செய்தால் அசல் விவரமா இல்லையா என்று தெரிந்துவிடும், காகிதம் எதுவும் வாங்கி வைக்க வேண்டியதில்லை. செய்கிறவர்களைத்தான் காணோம்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். ஒருவர் சென்னை, ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் அமெரிக்கா. வீட்டை விற்கவோ பராமரிக்கவோ கையெழுத்து, கைரேகை, பவர் பத்திரம் எல்லாம் ஸ்கேன் ஆகி பங்காளிகள் குரூப்பில் விழும். சில மாநிலங்களில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை எடுத்து, அதற்கு அச்சு செய்து, ஆதார் வழியாகப் பணம் எடுத்த மோசடிகள் பிடிபட்டிருக்கின்றன. அந்த முறையில் ஆதார் நம்பர், பேங்க் பெயர், விரல் மூன்றும் போதும், ஓடிபி கிடையாது. இதற்குத் தற்காப்பு, கைரேகையைப் பூட்டி வைப்பது. ஆதார் தளத்திலோ செயலியிலோ பூட்டலாம், வேண்டும்போது திறக்கலாம்.

இப்படித்தான் ஓர் ஆச்சிக்குப் பூட்டப் போனோம். ஓடிபி வரவேண்டிய நம்பர் சென்னையில் இருக்கும் மகனுடையது. "இரு தம்பி, கேட்டுச் சொல்றேன்" என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் மகன் ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். ஆச்சி கடை முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார். முடித்துவிட்டு மகன், "ஆத்தா, இதை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு" என்றார். பிரிண்டுக்கு நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஆச்சியும்தான். கைரேகை பூட்டியாயிற்று. ஆனால் ரேஷன் கடையில் விரல் வைக்கும் மாதமெல்லாம் இதே கூத்து நடந்தாக வேண்டும். பாதுகாப்பு என்று கொடுத்திருப்பதை ஆச்சியால் தனியாகப் பயன்படுத்த முடியாது என்றால், குறை ஆச்சியிடம் இல்லை.

"எங்கிட்ட மறைக்க என்னப்பா இருக்கு?" என்பவர்களும் உண்டு. அவர்களிடம் அவர்கள் வீட்டையே காட்டுவேன். முகப்பில் நின்றால் நடுமுற்றமான வளவைத் தாண்டிப் பின்கட்டு வாசல் வரை நேராகத் தெரியும், ஒளிவு மறைவே இல்லாத வீடு. ஆனால் கணக்கு பேச வந்தவர் திண்ணையோடு சரி, உறவினர் வளவு வரை, இரண்டாம் கட்டுக்குள் யார் போகலாம் என்பதற்குத் தனிக் கணக்கு. தெரிவது வேறு, நுழைவது வேறு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் பெட்டகச் சாவியைக் கொடுப்பீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள், கொஞ்சம் யோசிப்பார்கள்.

கடன் செயலிகள் விஷயத்தில் யாரும் சிரிப்பதில்லை. கடன் கொடுத்து வளர்ந்த சீமை இது. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி பர்மா, மலாயா கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைக் கூடங்களில், கணக்கு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வாடிக்கையாளர்கள். பழைய வட்டித் தொழிலைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. 1930களின் மந்தத்தில் கீழ் பர்மாவில் எத்தனையோ விவசாயிகளின் நிலம் கைமாறிய கதை ஊரறிந்தது. ஆனாலும் கடன் வாங்கியவனின் மாமனுக்கும் மச்சானுக்கும் அவன் படத்தைக் கேவலமாக வெட்டி ஒட்டி அனுப்பும் வழி அந்தப் பேரேட்டில் இல்லை. சின்னத் தொகைக்குச் செயலியை இறக்கிய பையன் ஒருவன், புகார் மனு டைப் செய்ய வந்தான். போனிலிருந்த தொடர்புப் பட்டியல் முழுவதையும் அது எடுத்துக்கொண்டிருந்தது. கடனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத அவனுடைய சித்தப்பாவுக்கும், பழைய ஆசிரியைக்கும் மிரட்டல். 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதி போட்டுவிட்டது. திருட்டுச் செயலிக்கு ஏது விதி? சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் பதிந்தோம்.

அந்த ஆசிரியை என்ன தவறு செய்தார்? எந்தச் செயலியையும் இறக்கவில்லை, எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை. தன் நம்பரை ஒரு மாணவனிடம் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். ஆகவே, அவரவர் ஜாக்கிரதையாக இருந்தால் போதும் என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன். காப்பாற்ற முடியுமா என்றால், முடியும், ஆனால் கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்தினால்தான் பெருமளவுக்கு முடியும்.

அது நடக்காத காரியமும் இல்லை. சிம் வாங்க ஒரு ஜெராக்ஸ், ஒரு போட்டோ என்று ஒரு காலத்தில் எங்கள் கடையில் நல்ல ஓட்டம். ஒருவர் கொடுத்த நகலை வைத்து இன்னொரு சிம் போடும் திருட்டும் கூடவே ஓடியது. 2024 ஜனவரி 1 முதல் சிம்முக்குக் காகித நகல் வாங்கும் முறையையே நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு வருமானம் கொஞ்சம் குறைந்தது. வேறு யாருக்கும் அது இல்லை என்பதே தெரியவில்லை. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். வருகிறவர்களுக்கு அதைக் காட்டித் தருகிறேன். தெரியாத நம்பர் அதில் வந்து முகம் மாறியவர்கள் உண்டு.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி வாங்க வேண்டும், வேலை முடிந்தால் அழிக்க வேண்டும், மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் அது டிஜிட்டல் விவரத்துக்கும், பிறகு டிஜிட்டலாக மாற்றப்படும் விவரத்துக்கும் மட்டும். ஃபைலிலேயே கிடந்து மட்கும் ஜெராக்ஸ் தாளுக்குப் பொருந்தாது. வடைக்கு அடியில் இருந்த அந்த பான் கார்டும் சட்டத்துக்கு வெளியேதான்.

அதனால் வாடிக்கையாளர்களுக்கு இப்போது ஒன்று சொல்லி அனுப்புகிறேன். கவுண்டரில் நகல் கேட்டால், "பார்த்துட்டுக் குடுத்துருங்க, காப்பி எதுக்குங்க?" என்று மரியாதையாக ஒருமுறை கேளுங்கள். கேட்டே தீர வேண்டிய இடத்தில் கொடுங்கள், நகலின் மேல் எதற்காக, என்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் முறைக்கிறார்கள். ஒரு லாட்ஜில் ரூம் இல்லை என்றே சொல்லிவிட்டார்களாம். போன மாதம் கல்யாண மண்டபம் பிடிக்கப் போன நண்பர் இதைக் கேட்டிருக்கிறார். மேனேஜர் யோசித்துவிட்டு, "எல்லாரும் குடுக்கிறாங்க, நானும் வாங்கி வைக்கிறேன். ஃபைலைப் பிரிச்சு ஒருநாளும் பார்த்ததில்லை, வேணாம்னா எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே" என்று நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.