பார்வைக்கும் முடிவுக்கும்

நகராட்சி அலுவலகத்தில் மன்றப் பிரிவு சீட்டை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். வருவாய்ப் பிரிவில் ஆள் நடமாட்டம் உண்டு, பொறியியல் பிரிவில் மரியாதை உண்டு, நகரமைப்புப் பிரிவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மன்றப் பிரிவில் இருப்பது வெறும் பேப்பர். மற்றப் பிரிவுகள் அனுப்பும் அலுவலகக் குறிப்புகளை வாங்கி, ஒவ்வொன்றையும் அஜெண்டாவில் ஒரு ‘பொருள்’ ஆக்கி எண் போட்டு, கடைசியில் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது’ என்று சேர்த்து, அஜெண்டாவைக் கவுன்சிலர்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கூட்டத்தில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பிறகு தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். தென்மாவட்டத்து நகராட்சி ஒன்றில் என் சர்வீஸில் பெரும்பகுதி அந்த மேசையில்தான் கழிந்தது.

அதில் மன்றமே இல்லாத காலமும் அடக்கம். 2016இல் தேர்தல் அறிவித்து, வேட்புமனுவும் வாங்கியாயிற்று. பழங்குடியினர் இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அக்டோபர் கடைசியில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. நகராட்சிகளில் ஆணையர்களே, மன்றத்தின் இடத்தில் முடிவெடுக்கும் தனி அலுவலர்களும் ஆனார்கள். அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஒரு முழு மன்றத்தின் ஆயுள் அப்படியே போயிற்று. ஊருக்கு இது புதிதும் இல்லை. 1986இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்குப் பிறகு 1996 வரை தேர்தல் நடக்கவில்லை. நகராட்சிகளுக்கு ஐந்தாண்டு ஆயுள் என்று 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இலேயே நடைமுறைக்கு வந்த பிறகுதான் இந்த இரண்டாவது இடைவெளி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்துத் தீர்மானப் புத்தகத்தை யாராவது கேட்டு வாங்கிப் பார்த்தால் நல்லது. பக்கத்தின் மேல்பாதியில் அலுவலகக் குறிப்பு. அதன் கீழே ஆணையர் கையெழுத்து. பக்கத்தின் கீழ்ப்பாதியில் ‘அனுமதிக்கலாம்’ என்று தீர்மானம். அதன் கீழே தனி அலுவலர் கையெழுத்து. இரண்டும் ஒரே பேனா, ஒரே மை. கேட்டவரும் அவர்தான், கொடுத்தவரும் அவர்தான். சட்டப்படி அதில் குறையொன்றும் இல்லை. சொல்லப்போனால் அலுவலகத்துக்கு அது சுகமான காலம். வெளிநடப்பு இல்லை, ஒத்திவைப்பு இல்லை, ‘ஏன் என் வார்டுக்கு இல்லை’ என்ற கேள்வி இல்லை. மாதக் கூட்டத்துக்கு டீ, வடை வாங்கும் செலவுகூட இல்லை.

வெளியில்தான் வித்தியாசம் தெரிந்தது. மன்றம் இருந்தவரை, தண்ணீர் திறக்காத அன்று பெண்கள் குடத்தோடு கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவர் லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய், வால்வு திறக்கிற ஆளை டீக்கடையிலேயே பிடித்துவிடுவார். தனி அலுவலர் காலத்தில் அதே பெண்கள் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தார்கள். மனுவுக்கு ரசீது கொடுத்தோம். ரசீதில் நம்பர் இருக்கும், தண்ணீர் இருக்காது. 2020 ஊரடங்கில் எந்தத் தெருவில் யார் தனியாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் மருந்துக்கு ஆளில்லை என்று கேட்டால் எங்கள் பதிவேட்டில் விடை இல்லை. முன்னாள் கவுன்சிலர்களைத்தான் கூப்பிட்டோம். பதவி போய் நாலு வருஷம் ஆனவர்கள், கட்சி பார்க்காமல் வந்தார்கள். சிலர் அடுத்த தேர்தலை நினைத்து வந்திருக்கலாம். வந்தால் என்ன?

கவுன்சிலர்களைப் பற்றி எனக்கு மயக்கம் ஏதும் கிடையாது. கமிஷன், ஒப்பந்ததாரர் தோழமை, மச்சினன் பெயரில் கடை ஏலம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஆணையர் மாற்றலாகிப் போய்விடுவார், கவுன்சிலர் எங்கே போவார்? மகள் கல்யாணப் பத்திரிகையை அதே தெருவில்தான் வைத்தாக வேண்டும். சின்ன ஊரில் அவரைக் கட்டுப்படுத்துவது சட்டம் என்பதைவிட அந்தத் தெரு என்பதுதான் நான் பார்த்தது.

2022 தேர்தலில் வாக்காளருக்கு ஒரே ஓட்டு. 2011இல் தலைவருக்குத் தனியாக, கவுன்சிலருக்குத் தனியாகப் போட்டவர்கள், ‘இன்னொரு மெஷின் எங்கே?’ என்று வாக்குச்சாவடியில் தேடினார்கள். தலைவரைக் கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று தேர்ந்தெடுத்தார்கள். பதவியேற்ற சூடு ஆறுவதற்குள், ஏப்ரலில் மன்றத்துக்கு வந்த முதல் பெரிய பொருள் சொத்துவரி உயர்வு. குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100. உயர்த்தாவிட்டால் மத்திய அரசு தரும் 15ஆவது நிதிக்குழு மானியம் கிடைக்காது. ஆகவே மன்றம் முடிவெடுக்க அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. எதிர்க்கட்சி வெளிநடப்பு, ஆளுங்கட்சி மௌனம், தீர்மானம் நிறைவேறியது.

ஆட்சேபணை தெரிவிக்க முப்பது நாள் கொடுத்திருந்தோம். டீக்கடைகளில் ஊரே கொதித்தது. என் மேசைக்கு வந்த மனுக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவை ‘ஏழை மக்களின் வயிற்றில் அடிக்காதே’ ரகம். அவற்றை ‘பதிவு செய்யப்பட்டது’ என்று எழுதி மூடத்தான் முடியும்.

ஒரு மனு மட்டும் வேறு மாதிரி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். வரியே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தெருக்களை ஏ, பி, சி என்று மண்டலம் பிரித்திருக்கிறீர்கள், கடைவீதியோடு சேர்த்து எங்கள் தெருவையும் வரி கூடுதலான ஏ மண்டலத்தில் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அது ஆறடிச் சந்து, சாக்கடை போக வாறுகால்கூடக் கிடையாது என்று எழுதி, கையால் வரைந்த படமும் வைத்திருந்தார். கீழே அந்தச் சந்தில் குடியிருப்பவர்களின் கையெழுத்து, வரிவிதிப்பு எண்ணோடு.

“சார், இதை யார்கிட்டக் கொடுக்கணும்?” என்றார்.

“இங்க கொடுத்துட்டு, நகல்ல சீல் வாங்கிக்கங்க. அப்படியே உங்க கவுன்சிலர்கிட்ட ஒண்ணு கொடுங்க. அவர் கேட்டாத்தான் பொருளா வரும்.”

வந்தது. வருவாய் ஆய்வாளர் அந்தச் சந்துக்கு நேரில் போய் அளந்தார், மண்டலம் மாறியது. அதற்கு ஒரு கோஷமும் தேவைப்படவில்லை. அலுவலகத்தால் மறுக்க முடியாத ஒரு காகிதமும், அதை மன்றத்தில் எடுத்துவைக்க ஓர் ஆளும் இருந்தார்கள், அவ்வளவுதான்.

உள்ளூர் அரசியல் என்றால் மேசையைத் தட்டுவதும் மைக்கைப் பிடுங்குவதும்தான் என்று வெளியே நினைக்கிறார்கள். அதெல்லாம் நிருபர்களுக்கு. அஜெண்டா வீடு போய்ச் சேர்ந்த சாயங்காலத்திலிருந்து கூட்டம் தொடங்கும் காலைக்குள்தான் காரியம் நடக்கும். அந்த இடைவெளியில் என் போனுக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒப்பந்ததாரர்களுடையது. கவுன்சிலர்கள் அபூர்வம். வரி கட்டுகிறவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் மன்றக் கூடத்தில் பொதுமக்களுக்கென்று போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் நிருபர்களும் ஒப்பந்ததாரர்களும்தான்.

2022இல் பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் மன்றத்திலும் ஆரம்பத்தில் கணவர்கள்தான் அஜெண்டா வாங்க வந்தார்கள், கூட்டத்துக்குள்ளும் நுழையப் பார்த்தார்கள். அப்படிக் கணவரோடு வந்தவர்களில் ஒரு அம்மா, மகளிர் சுயஉதவிக் குழுவில் பல வருஷம் கணக்கு எழுதியவர். ஒரு நாள் ராத்திரி அவரே கூப்பிட்டார்.

“சார், நாப்பத்தி மூணாவது பொருள்ல எங்க தெரு வாறுகால் வேலை இருக்குல்ல? இதே வேலை போன வருஷமும் வந்துச்சே. அப்ப பொது நிதின்னு போட்டிருந்தீங்க. இப்ப நிதிக்குழு மானியம்னு போட்டிருக்கு.”

பழைய புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. முதல் தீர்மானத்தை ரத்து செய்யாமலே அதே வேலையை இரண்டாவது நிதியில் கொண்டுவந்திருந்தார்கள். மறுநாள் கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து அதை மட்டும் கேட்டார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. பொறியாளர் என்னை முறைத்தார். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை, அன்றைக்குக் குப்பை லாரி விவகாரத்தில் வெளிநடப்பு செய்தவர்களின் போட்டோதான் வந்தது. அதற்குப் பிறகு அவர் கணவர் அஜெண்டா வாங்க வரவில்லை.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைகள் தொடங்கின. முதலமைச்சர் சென்னைக்கு அருகே பம்மலில் கலந்துகொண்டதால் எங்கள் ஊரிலும் ஷாமியானா, மைக், ஃப்ளெக்ஸ் எல்லாம் தடபுடல். கிராமங்களில் கிராம சபை இருக்கிறது, நகரத்தானுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடையாக வந்த ஏற்பாடு. கருத்தளவில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் சபைக்கு யார் உறுப்பினர் என்ற பட்டியல் எங்கள் ஊரில் கவுன்சிலர்கள் கொடுத்ததுதான். மாமா, பூத் ஏஜென்ட், எதிர்வீட்டுக்காரர். முதல் கூட்டத்தில் வந்த கோரிக்கைகளில் தெருவிளக்குகள் மட்டும் ஒரு வாரத்தில் எரிந்தன. அடுத்தடுத்த கூட்டங்களில் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது சுகாதாரப் பிரிவின் வேலையானது. தூய்மைப் பணியாளர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதை போட்டோவில் பார்த்தால் தெரியும்.

அந்தத் தலைமையாசிரியரை எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. அவராகப் போய் நின்றார், நாற்காலி கொடுத்தார்கள், பேசச் சொல்லவில்லை.

இந்த மன்றங்களின் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தாயிற்று. என் சீட்டுக்கு வந்த தம்பி போன வாரம் கூப்பிட்டான்.

“அண்ணே, தனி அலுவலர் தீர்மானம் போடுற மாடல் பழைய ஃபைல்ல இருக்குமா? முன்கூட்டியே எடுத்து வச்சுக்கலாம்னு பாத்தேன்.”

எந்த பீரோ, எந்த வருஷத்துக் கட்டு என்று சொன்னேன். அதே பீரோவில் பகுதி சபைக் கோரிக்கைப் பதிவேடும் இருக்கிறது, அதையும் எடுத்து, முடியாத வேலைகளை இப்போதே பொருளாக வைக்கச் சொன்னேன். “அதை யாருண்ணே கேக்கப் போறாங்க?” என்றான். அந்த அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன்.