போர்டு எழுத்தைப் பாத் ஆக்கியது

அண்ணாச்சி கடையின் தகர போர்டில் ‘பலசரக்கு’ என்று பெயிண்டர் ஒருவர் கையால் எழுதியிருந்தார். தகரம் துருவேறிவிட்டது. “போர்டு மாறட்டும் தம்பி, எழுத்து மாறக் கூடாது” என்றார் அண்ணாச்சி. ஸ்டிக்கர் கட்டிங் கடையிலோ, போட்டோவை வைத்துக் கத்தியை ஓட்ட முடியாது, எழுத்தின் ஓரத்தைக் கோடுகளாக வரைந்த எஸ்விஜி ஃபைலாகக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

கீழே நின்று எடுத்த போட்டோ என்பதால் போர்டு சாய்ந்து தெரிந்தது. படங்களைத் திருத்தும் ஜிம்ப் மென்பொருளில், பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அதை நேராக்கினேன். கோட்டுப் படம் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருளில், படத்தின் ஓரங்களைத் தானாக ட்ரேஸ் செய்யும் வசதி இருக்கிறதே என்று முதலில் அதை ஓட்டிப் பார்த்தேன். உரிந்த பெயிண்டின் ஒவ்வொரு சில்லுக்கும் புள்ளி வைத்துவிட்டது. அதற்குக் கறை எது, எழுத்து எது என்று தெரியாது. சரி, கையால்தான் வரைய வேண்டும்.

ஜிம்ப்பில் ‘B’ விசையை அழுத்தினால் பாத் கருவி வரும்; பாத் என்பது புள்ளிகளை இணைத்து வரையும் கோடு. க்ளிக் செய்தால் ஆங்கர் புள்ளி விழும். அழுத்தியபடி இழுத்தால் இரண்டு பக்கமும் கோட்டை வளைக்கும் பிடி, அதாவது ஹேண்டில், நீளும். வளைவு சரியாக உட்காரவில்லை என்றால் இன்னொரு புள்ளி வைக்கத்தான் கை போகும். அதை அடக்க வேண்டும். புள்ளி கூடக் கூட கோடு நெளியும்.

‘கு’வின் அடியில் சுழித்து ஓடும் வாலில்தான் அதிக நேரம் போனது. வளைவு மேலே, கீழே, இடது, வலது என எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே மட்டும் ஒரு புள்ளி. மேல், கீழ் உச்சத்தில் ஹேண்டில் படுக்கையாக, பக்கவாட்டு உச்சத்தில் செங்குத்தாக. ஹேண்டிலின் நீளம் அடுத்த புள்ளிவரையான தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் பெரும்பாலும் சரியாக வருகிறது. அப்புறம் பார்த்தால் பெயிண்டர் பிரஷ்ஷை ஒரே இழுப்பில் இழுத்த வேகம் கோட்டிலும் தெரிந்தது. புள்ளியும் ஹேண்டிலுமாக வளைவை வரையும் இந்தக் கணக்கு, ரெனோ கம்பெனியில் பொறியாளர் பியர் பெசியே 1960களில் கார் உடம்பின் வளைவுகளுக்குப் பயன்படுத்தியது. பலசரக்குக் கடை போர்டுக்கும் பொருந்துகிறது!

‘ச’ போன்ற மூலை உள்ள எழுத்துக்கு வேறு கவனம். ஜிம்ப்பில் இரண்டு ஹேண்டிலும் தனித்தனியே நகரும் என்பதால் மூலையை முறிப்பது எளிது; ஷிஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக ஒரே கோட்டில் நிற்கும். கடைசியில் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு முதல் புள்ளியை க்ளிக் செய்தால் பாத் மூடிக்கொள்ளும். ‘க’வின் வயிற்றில் உள்ள ஓட்டையை அதே பாத்தில் இன்னொரு மூடிய கோடாக வரைந்தேன். ‘க்’கின் புள்ளி முட்டை வடிவில் இருந்தது. வட்டமாக்கலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே விட்டேன். எழுதியவர் கை அது.

பாத் பலகத்தில் ரைட் க்ளிக் செய்து எஸ்விஜியாக ஏற்றுமதி செய்தேன். இங்க்ஸ்கேப்பில் திறந்தால் நிறம் நிரம்பாமல் வெறும் கோடாகத்தான் தெரியும். பயப்பட வேண்டாம், ஃபில் கொடுத்தால் எழுத்து வந்துவிடும். அங்கே புள்ளிகளைக் குறைக்கும் ‘சிம்ப்ளிஃபை’ பக்கம் மட்டும் போகாதீர்கள். பார்த்துப் பார்த்து வைத்த மூலைகளை அது மழுக்கிவிடும். ஜிம்ப் ஃபைலை அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகவும் வைத்திருக்கிறேன். பாத் எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால், கட்டிங் கடைக்காரர் ‘ர’வின் கால் மெலிசாக இருக்கிறது, ஸ்டிக்கர் கிழியும் என்று சொன்னபோது இரண்டு புள்ளிகளை நகர்த்தி அங்கேயே முடித்துக் கொடுத்தேன்.