காந்தளா, காந்தளின் பங்காளியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையோரத்து மணல்மேட்டுக் காடுகளின் ஓரத்தில் செப்டம்பர் பிறந்ததும் செங்காந்தள் முளைவிடும். தமிழ்நாட்டின் மாநில மலர் இங்கேயும் மண்ணின் செடிதான். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களோடு கப்பலேறி வந்ததல்ல. பூக்க டிசம்பர் வாக்கில் ஆகும், தைப்பூசக் காவடி சமயத்திலும் பார்க்கலாம்.

பூக்கும் முன் இலை நுனியைப் பாருங்கள். ஈட்டிபோல் நீண்ட இலை எலிவாலாக மெலிந்து, பக்கத்துச் சுள்ளியைச் சுற்றிக்கொள்ளும். பற்றுக்கம்பி தனியாகக் கிடையாது. நரம்புகள் நீளவாக்கில் இணையாக ஓடும். காட்டு வள்ளிக்கொடியில் தண்டுதான் சுற்றும். இலை பெரும்பாலும் இதய வடிவம். ஸ்மைலாக்ஸ் என்ற முள்கொடி என்றால் இலைக்காம்பின் அடியில் இரண்டு கம்பிகள், தண்டில் முள்.

சிக்கல் லிட்டோனியா என்ற கொடியால்தான். காந்தளின் நெருங்கிய பங்காளி. அதன் இலை நுனியும் அப்படியே சுருளும். பூ வந்தால்தான் வழக்கு தீரும். அப்போதும் நிறத்தை நம்பாதீர்கள். காந்தள் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, நாளாக நாளாகச் சிவக்கும். மஞ்சளாகவே நிற்கும் செடிகளும் உண்டு. இதழ் ஓரத்தைப் பாருங்கள். ஆறு இதழ்களும் பின்னால் மடங்கி மேல்நோக்கி நிமிரும், ஓரம் அலையலையாக நெளியும். பூவின் நடுவே சூலகத்திலிருந்து நீளும் சூல்தண்டு அடியிலேயே ஒடிந்ததுபோல் செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பும். இந்த ஒடிவு ஒன்றே போதும். லிட்டோனியாவில் ஆரஞ்சு மணிகள் தலைகீழாகத் தொங்கும், இதழ் ஓரம் நெளியாது, சூல்தண்டு நேராக இருக்கும். ஜான் சாண்டர்சன் 1851இல் இதே நேட்டால் பகுதியில் கண்ட சாண்டர்சோனியாவும் ஆரஞ்சுதான். ஆனால் இதழ்கள் ஒட்டி, உப்பிய குட்டி லாந்தர்போல் இருக்கும்.

பழைய நூல்களில் லில்லி குடும்பம் என்றிருக்கும். இன்று மூன்றையும் கோல்ச்சிகேசியே என்ற குடும்பத்தில் வைக்கிறார்கள்.

கிழங்கைத் தோண்டி உறுதிசெய்யப் போகாதீர்கள். கலப்பைபோல் கவைத்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது; அது முறிந்தால் அந்தக் கிளை மறுபடி துளிர்க்காது. செடி முழுவதிலும் கோல்ச்சிசின் நஞ்சு உண்டு, கிழங்கில் அதிகம். வள்ளிக்கிழங்கென்று அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். கண்வலிக்கிழங்கு என்ற பெயரை நம்பிக் கண்ணுக்கு அரைத்துப் போடவும் வேண்டாம். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மிச்சக் கிழங்கையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.